கட்டில் அமுங்குச்சு தம்பி

நான் கடைசியாகச் சிவப்பைப் பார்த்தது ஒரு கனவில். 2017-இல். அப்போது எனக்குப் பார்வை போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சாத்தூரில் எங்கள் பழைய வீட்டு மொட்டை மாடி முழுக்க மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தது. அம்மா ஓர் ஓரமாக உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். வெயில் பட்ட இடத்தில் வத்தல் மினுங்கியது, நிழல் விழுந்த இடத்தில் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. இரண்டு சிவப்புக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி கைப்பிடிச் சுவரின் நிழல். விழிப்பு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தேன், புரண்டு படுத்தால் அந்த நிறம் சிந்திவிடும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு கனவில் மஞ்சள் வந்திருக்கிறது. வெள்ளை அடிக்கடி வரும். சிவப்பு வரவில்லை.

எனக்கு இருப்பது ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா. எங்கள் வட்டத்தில் ஆர்.பி. என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும் மரபணு நோய் இது, உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் இருட்டில் பார்க்க உதவும் செல்கள்தான் முதலில் போகும். அதனால் சின்ன வயதில் எல்லோரும் மாலைக்கண் என்றே நினைத்து எனக்கு முருங்கைக்கீரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுத்தார்கள். அப்புறம் ஓரப்பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகி, குழாயும் மெலிந்து, 2006-இல் எது ஜன்னல் எது சுவர் என்று மட்டும் தெரியும் அளவுக்கு வந்து நின்றது. அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இதில் சில வகைகள் வர வாய்ப்பு கூடும் என்று டாக்டர் சொன்ன நாளில் இருந்து அதைத் தன் தப்பாகவே சுமந்துகொண்டிருக்கிறார், எத்தனை சொன்னாலும் இறக்கி வைக்க மாட்டேன் என்கிறார்.

பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ பக்கத்தில் உட்காருபவர்கள் கொஞ்சம் பழகியதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், தப்பா எடுத்துக்கக் கூடாது, உங்களுக்குக் கனவு வருமா?" என்று கேட்பார்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்வதே இல்லை. இது நல்ல கேள்வி. நானே பார்வை இருந்த காலத்தில் கேட்க நினைத்து, கேட்கத் துணியாமல் விட்ட கேள்வி. வரும் என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அப்ப கனவுல தெரியுமா?" இங்கேதான் சிக்கல். தமிழில் கனவைக் காண்கிறோம். ஆண்டாள் தன் கல்யாணத்தைக் கனவில் கண்டு தோழியிடம் சொல்லும்போது பாட்டுக்குப் பாட்டு 'கனாக்கண்டேன்' என்றுதான் முடிக்கிறாள். ஆனால் அந்தப் பாட்டில் மத்தளம் கொட்டுகிறது, சங்கு ஊதுகிறது, அவன் வந்து அவள் கையைப் பிடிக்கிறான். காதும் கையும் இல்லாமல் அந்தக் கனவு இல்லை. பேச்சுத் தமிழில் இன்னொன்றும் சொல்கிறோம்: கனவு வந்துச்சு. எனக்கு வந்தது, உனக்கு வந்தது. கண்ணை அதற்குள் இழுக்காத சொல்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு அக்கா. 2003-இல் பிரெயிலும் வெள்ளைக்கோல் பிடித்து நடக்கவும் கற்றுக்கொள்ள மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். அந்த அக்கா அங்கே சனிக்கிழமைகளில் வந்து எங்களுக்குப் பிரெயில் சொல்லித் தந்தார். ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறக்கும்போதே இரண்டு கண்ணும் வளராமல் பிறந்தவர், வெளிச்சம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவர். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்தது, அது போய்க்கொண்டிருந்தது, ரொம்பப் பயந்து போயிருந்தேன். ராத்திரியில் மட்டும் கனவில் எல்லாம் முன்போலத் தெளிவாகத் தெரியும், தினத்தந்தியை மடியில் விரித்து வைத்து எழுத்துக் கூட்டாமல் படிப்பேன். காலையில் முழிக்கும்போது ஒவ்வொரு நாளும் மறுபடி பார்வை போகும். இந்தக் கனவும் ஒருநாள் நின்றுவிடுமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும். அக்காவிடம் நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்ததால், "அக்கா, உங்களுக்கு எப்படிக் கனவு வரும்?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "முந்தாநாள் எங்கப்பா வந்தாக தம்பி" என்றார். அப்பா இறந்து அப்போது எட்டு வருடம். "மத்தியானம் மாதிரி இருந்துச்சு, வெயில் சூடு கால்ல அடிக்குது. பீடி நாத்தம் முதல்ல வந்துச்சு. அப்புறம் வேட்டி உரசுற சத்தம். பேசவே இல்ல. வந்து கால்மாட்டுல உக்காந்தாக. கட்டில் அமுங்குச்சு தம்பி, அந்தப் பக்கம் அப்படியே சாஞ்சுச்சு. எங்கப்பா கனம் எனக்குத் தெரியாதா? கையை நீட்டுனேன், அந்த வெட்டுப்பட்ட சுண்டுவிரல் தட்டுப்பட்டுச்சு. பார்த்துட்டேன்."

'பார்த்துட்டேன்' என்றார். எனக்கு அது இடறியது. அப்போது நான் புதுசு, பார்வை இல்லாதவர்கள் பார்த்தேன் என்று சொல்வதைக் கேட்டுப் பழகவில்லை. "பார்த்தீங்களா அக்கா?" என்று கேட்டேன். "ஏன், நம்ம தமிழ்ல எதைத்தான் பார்க்க முடியாது? தொட்டுப் பாரு, மோந்து பாரு, தின்னு பாரு, கேட்டுப் பாரு. கண்ணை வச்சு மட்டுமா பார்க்கச் சொல்றாக?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இருபது வருடம் தாண்டியும் அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

அதற்கப்புறம் இந்த விஷயம் என்னை விடவில்லை. கையில் கிடைத்ததை எல்லாம் கணினியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்தக் கேள்வி ரொம்பப் பழையது. 1838-இலேயே ஹீர்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் நூறு பேருக்கும் மேற்பட்ட பார்வையற்றவர்களிடம் கனவைப் பற்றி விசாரித்திருக்கிறார். அரை நூற்றாண்டு கழித்து, 1888-இல், அமெரிக்காவில் ஜோசப் ஜாஸ்ட்ரோ இதே வேலையைச் செய்தார். இரண்டு பேரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். ஐந்து வயதுக்கு முன்னால் பார்வை போனவர்களுக்குக் கனவில் காட்சி இல்லை. ஏழு வயதுக்குப் பிறகு போனவர்களுக்குப் பெரும்பாலும் உண்டு. நடுவில் இரண்டு வருடம் இழுபறி.

ஏன் ஐந்திலிருந்து ஏழு? நான்கு வயதுக் குழந்தை நான்கு வருடம் கண்ணால் பார்த்துத்தானே வளர்ந்திருக்கிறது, அதெல்லாம் எங்கே போகும் என்று எனக்கும் தோன்றியது. டேவிட் ஃபோக்ஸ் என்பவர் பார்வையுள்ள குழந்தைகளை வருடக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்து, நடுநடுவே எழுப்பிக் கனவு கேட்டிருக்கிறார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் அதிகம் கனவு சொல்வதே இல்லையாம். சொன்னாலும் அசைவில்லாத ஒற்றைக் காட்சி, ஒரு மாடு நிற்கிறது, அவ்வளவுதான். கதையாக ஓடும் கனவு ஏழெட்டு வயதில்தான் வருகிறது. அதாவது, கண்ணால் பார்த்தது மட்டும் போதாது, பார்த்ததை மனசுக்குள்ளே மறுபடி கட்டி எழுப்புகிற திறமையும் வளர்ந்திருக்க வேண்டும். அது வளரும் முன்பே பார்வை போனால், பார்த்த நான்கு வருடமும் கட்டாத வீட்டின் செங்கல் மாதிரி எங்கோ கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆறு வயதில் தட்டம்மை வந்து பார்வை போனது. அவர் கனவில் சில நேரம் 'வெளுப்பாக ஒன்று' வரும் என்பார். அது அவர் உண்மையில் பார்த்த வெளுப்பா, வெளுப்பு என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டதா என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை.

1999-இல் அமெரிக்காவில் பார்வையற்ற 15 பேரிடம் 372 கனவுகளைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். பிறவியிலேயோ மிகச் சின்ன வயதிலேயோ பார்வை இழந்தவர்களின் கனவில் காட்சி இல்லை. அதற்குப் பதிலாகத் தொடுவதும் வாசனையும் சுவையும் பார்வையுள்ளவர்களின் கனவில் வருவதைவிட மிக அதிகம். இதை அக்காவிடம் சொன்னபோது, "இதுக்கு ஆராய்ச்சியா, என்னைக் கேட்டா சொல்லிருப்பேன்ல" என்றார். அக்கா சொன்ன கனவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது விடுதிக் கனவு. பிரெயில் பலகையில் எழுத்தாணியால் குத்தி எழுதும் சத்தம் தெரியுமா? ஒரு வகுப்பே சேர்ந்து எழுதினால் ஓட்டுக்கூரையில் மழை பிடித்தது மாதிரி இருக்கும். அக்காவின் கனவு அந்தச் சத்தத்தில்தான் தொடங்கும். அப்புறம் கருகின உப்புமா வாசனை, பின்னால் இருந்து சடையை இழுக்கும் யாரோ ஒருத்தியின் ஈரக் கை, மணியடிப்பது. பரீட்சைக் கனவும் வரும். கேள்வித்தாளைத் தடவினால் புள்ளிகளே இருக்காது, தேய்ந்து வழவழவென்று இருக்கும். நாம் எல்லோரும் காணும் அந்தப் பரீட்சைக் கனவேதான், விரலில் வருகிறது.

ஹெலன் கெல்லரின் முத்தைப் பற்றியும் நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். 19 மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வையும் கேட்கும் திறனும் போனவர் அவர். கனவில் ஒருமுறை கையில் ஒரு முத்தை வைத்திருந்ததாகவும் அதன் ஆழத்தை உற்று நோக்கியதாகவும் 1908-இல் எழுதியிருக்கிறார். பனித்துளி, நெருப்பு, பாசியின் பச்சை, லில்லியின் வெண்மை என்றெல்லாம் அடுக்குகிறார். இதைப் படித்தவர்கள் சிலர், பார், அவருக்குக் கனவில் தெரிந்திருக்கிறது என்றார்கள். வேறு சிலர், படித்த புத்தகங்களில் இருந்து சொல்லைக் கடன் வாங்குகிறார் என்று குறை சொன்னார்கள். நான் அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "முதல்ல என்னன்னு சொல்லிருக்காங்க?" வழவழப்பு என்றுதான் தொடங்குகிறார், அழகாக வார்த்தெடுத்த வழவழப்பு. "அதான் கனவு. மிச்சமெல்லாம் அந்தச் சந்தோசத்தை நம்ம கிட்டச் சொல்றதுக்குத் தேடுன வார்த்தை" என்றார். அக்காவின் காதில் தூத்துக்குடி முத்துத் தோடு ஒன்று உண்டு. அதைத் தொட்டுக்கொண்டேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

2003-இல் லிஸ்பனில் நடந்த ஓர் ஆய்வு இதைவிடப் பெரிய சண்டையைக் கிளப்பியது. பிறவியிலேயே பார்வையில்லாத 10 பேரைத் தூங்க வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள், எழுந்ததும் கனவை வரையச் சொன்னார்கள். கடற்கரை, மரம், ஆட்கள் என்று வரைந்தார்கள். பார்வையுள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரைந்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கனவில் ஏதோ ஒரு வகைக் காட்சி இருக்கிறது என்றார்கள். அடுத்த வருடமே கெர், டொம்ஹாஃப் என்ற இருவர் மறுத்து எழுதினார்கள். இடத்தை அறிவது வேறு, பார்ப்பது வேறு. வரைய முடிவதால் பார்த்ததாக ஆகாது. என் மனசு முழுக்க இந்த மறுப்பின் பக்கம்தான். அக்கா தன் வீட்டுச் சமையலறையில் எந்த டப்பா எந்தத் தட்டில் எத்தனையாவது என்று படுத்துக்கொண்டே சொல்வார். துருக்கியில் எஷ்ரெஃப் அர்மாகன் என்ற ஓவியர் இருக்கிறார், பிறவியிலேயே பார்வையில்லாதவர், தூரத்தில் இருப்பது சிறுத்துப் போவதைக்கூட வரைகிறார். அவர் விரலால் அறிந்ததை வரைகிறார். அந்த அறிவை எதற்காகக் காட்சி என்று பெயர் மாற்ற வேண்டும்? பார்வையில்லாதவனின் கனவுக்கு மதிப்பு வரவேண்டும் என்றால் அதில் கொஞ்சமாவது காட்சி இருந்தே ஆக வேண்டும் என்கிற நினைப்பு இதன் அடியில் இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது.

இவ்வளவுக்கும் மூளை சும்மா இருப்பதில்லை. பிரெயில் படிக்கும்போது, பார்வையற்றவர்களின் தலைக்குப் பின்பக்கம், சாதாரணமாகப் பார்வைக்கென்று இருக்கும் பகுதி வேலை செய்வதை 1996-இல் கண்டுபிடித்தார்கள். 2000-இல் ஒரு பெண்ணைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர், பிரெயிலில் கெட்டிக்காரர். பக்கவாதத்தில் அந்தப் பின்பகுதி இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டது. விரலில் தொடுஉணர்வு அப்படியே இருந்தது, புள்ளிகளும் தட்டுப்பட்டன, எழுத்தாகத்தான் படிக்க முடியவில்லை. இதை முதலில் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. அக்காவின் கனவில் புள்ளி தேய்ந்த கேள்வித்தாள்தான் நினைவுக்கு வந்தது.

கெட்ட கனவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டென்மார்க்கில் 2014-இல் வந்த ஆய்வில் பிறவியிலேயே பார்வையில்லாத 11 பேர், பிறகு இழந்த 14 பேர், பார்வையுள்ள 25 பேர் நான்கு வாரம் தங்கள் கனவுகளைப் பதிவு செய்தார்கள். பார்வையுள்ளவர்களின் கனவுகளில் 6 சதவீதம் கெட்ட கனவு. என்னைப் போலப் பிறகு இழந்தவர்களுக்கு 7. பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு 25. நான்கில் ஒன்று! வண்டியில் அடிபடுவது, வழிகாட்டி நாயைத் தொலைப்பது, நாலு பேர் முன்னால் சங்கடப்பட்டு நிற்பது. விழித்திருக்கும்போது இருக்கும் பயம் எதுவோ அதுவே வருகிறது. நம்மூரில் வழிகாட்டி நாய்க்கு எங்கே போவது, அக்காவின் கெட்ட கனவு பஸ் ஸ்டாண்டு. கூட்டத்தில் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கை தடிமனாக, சொரசொரப்பாக மாறியிருக்கிறது. விடச் சொன்னால் விடவில்லை. கோல் எங்கோ விழுந்துவிட்டது. கால் வைத்த இடத்தில் தரை இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். அவருக்குப் பதினெட்டு வயதில் உண்மையிலேயே மூடி இல்லாத சாக்கடையில் விழுந்து முழங்கால் உடைந்திருக்கிறது. பஸ்ஸில் யார் யாரோ எங்கெங்கோ கை வைத்திருக்கிறார்கள். பார்வையில்லாததால் வரும் கனவு என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சாக்கடைக்கு மூடி போட்டிருந்தால் அக்காவுக்கு எத்தனை ராத்திரி நன்றாகக் கழிந்திருக்கும்.

சரி, என் கனவுக்கு வருகிறேன். பார்வை போய் வருடம் ஆக ஆகக் கனவில் காட்சி குறைந்துகொண்டே போகும் என்று அதே ஆய்வு சொல்கிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது, ஆனால் விளக்கை அணைத்த மாதிரி ஒரேயடியாக இல்லை. முதலில் எழுத்துகள் போயின. கனவில் பேப்பர் கையில் இருக்கும், எழுத்து இருக்கும், படிக்க வராது. பிறகு கூட்டத்தில் இருப்பவர்களின் முகங்கள். நெருங்கியவர்களின் முகங்கள்தான் கடைசி வரை நின்றன, அதுவும் ஒரு வயதில் உறைந்து. கனவில் அம்மாவுக்கு எப்போதும் நாற்பத்தைந்து வயது, தலைமுடி கருகருவென்று இருக்கும். ஆனால் கையைப் பிடித்தால் அது இப்போதைய கை. தோல் மெலிந்து, நரம்பு புடைத்து, விரல் லேசாக நடுங்கும் எழுபத்திரண்டு வயதுக் கை. முகம் 2000-இல் இருந்து வருகிறது, கை நேற்றிலிருந்து வருகிறது. கனவுக்குள் எனக்கு அது ஒரு குழப்பமாகவே தெரியாது. முழித்த பிறகுதான் நெஞ்சை அடைக்கும்.

என் மனைவியை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2009-இல். முதல் வருடம் கனவில் அவளுக்கு ஒரு முகம் வந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த முகம், ஆனால் யாருடையது என்று பிடிபடவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் உறைத்தது, கல்லூரியில் ஒரு வருடம் எனக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம். இந்த வீட்டுக்கு வந்தவளுக்கு யாரோ ஒருத்தியின் முகத்தைப் போர்த்திவிட்டேனே என்று குற்ற உணர்ச்சியாகிவிட்டது. ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து, புருவம், மூக்கு, மூக்குத்தி, மேலுதட்டில் இருக்கும் சின்னத் தழும்பு என்று ஒவ்வொன்றாகத் தொட வைத்தாள். "இதை வச்சுக்கோங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கடன் வாங்கிய முகம் வரவில்லை. அவள் வருகிறாள், கொலுசும் மூக்குத்தியும் அந்தத் தழும்புமாக.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் ஹல் நாற்பதுகளின் வயதில் பார்வை இழந்தவர். தன் நாட்களைக் கேசட்டில் பேசிப் பதிவு செய்தவர், அதில் கனவுகளும் நிறைய உண்டு. மனைவி, பிள்ளைகளின் முகங்கள் தன்னை விட்டு நழுவுவதை அவர் சொல்லும் இடங்களை இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறை கேட்க முடியவில்லை. என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கனவில் அவள் ஒருநாளும் முகத்தோடு வந்ததில்லை, அவளுக்காக முகம் ஒன்றைக் கடன் வாங்க என் மூளைக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அவள் ஓடி வரும் காலடிச் சத்தம் வரும், வந்து முதுகில் மோதும் கனம் வரும், தலையில் தேங்காய் எண்ணெயும் பள்ளிக்கூட வியர்வையும் கலந்த வாசனை வரும். கனவில் அவள் யார் என்று ஒரு கணம்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

கனவில் இப்போதெல்லாம் கணினியின் குரலும் வருகிறது. நான் என்.வி.டி.ஏ. திரைபடிப்பானைத்தான் பயன்படுத்துகிறேன், வேகத்தை ஏற்றி வைத்திருப்பதால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஒரு கனவில் இறந்துபோன என் தாத்தா எனக்குக் கடிதம் எழுதியிருந்தார், அதை அந்தக் குரல்தான் படித்தது, அழுகையே வராமல், அதே வேகத்தில். நான் அழுதேன்.

எங்களுக்கு எப்போதும் ஒரே இருட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் தன் 55 வயது வாக்கில் படிக்க முடியாத நிலைக்கு வந்த பிறகு, தனக்குக் கிடைக்காமல் போன நிறங்களில் கறுப்பும் ஒன்று என்றார். முழு இருட்டில் தூங்கிப் பழகியவருக்கு எந்நேரமும் பச்சையும் நீலமுமான மூட்டம். எனக்குக் கொதிக்கும் கஞ்சி மாதிரி ஒரு சாம்பல் நிறம், அதில் மின்மினி போல ஓயாமல் பொறி பறக்கும். ஆர்.பி. உள்ள பலருக்கும் இது உண்டு. கனவில்தான் அந்தப் பொறிகள் இல்லை. கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே இடம் அது.

அக்காவுக்கு அந்த ஓய்வும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது, தினமும் காலை வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. விழித்திரையில் அதற்கென்றே தனியாகச் சில செல்கள் இருக்கின்றன, பார்வை போனவர்கள் சிலருக்கும் அவை வேலை செய்யும். எனக்குச் செய்கின்றன போல, பத்து மணிக்குத் தூக்கம் வந்துவிடும். அக்காவுக்குக் கண்ணே வளரவில்லை, ஆகவே திருத்த வழியில்லை. சில வாரம் நன்றாகத் தூங்குவார், அப்புறம் தூக்கம் நகர்ந்து நகர்ந்து ராத்திரி முழுக்க விழிப்பும் பகல் வேலை நேரத்தில் அசத்தலுமாக மாறும், மறுபடி சுற்றி வரும். வேலை பார்த்த காலத்தில் அவரைச் சோம்பேறி என்றவர்கள் இருந்திருக்கிறார்கள். இது ஒரு நோய், பெயர் உண்டு, மெலடோனின் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வந்ததே ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். இப்போது ராத்திரி இரண்டு மணிக்குக்கூட எனக்குப் போன் செய்வார். நான் எடுப்பேன்.

போன வாரம் மொட்டை மாடி மறுபடி வந்தது. படியேறும்போதே நெடி மூக்கில் ஏறியது. கடைசிப் படியில் இருந்து தளத்தில் கால் வைத்ததும் சுரீர் என்று சுட்டது. "செருப்பைப் போட்டுட்டு வாடா" என்று அம்மா அதே ஓரத்தில் இருந்து சொன்னார், வளையல் சத்தமும் காம்பு கிள்ளும் சத்தமும் அங்கிருந்துதான் வந்தன. நான் உட்கார்ந்து இரண்டு கையையும் வத்தலுக்குள் விட்டேன். மேலே இருந்தது கொதித்தது, அடியில் கொஞ்சம் குளிர்ச்சி. ஒரு பிடி அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்கினேன், உள்ளே விதை சலசலத்தது. அம்மா ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார். தும்மல் வந்து முழித்துவிட்டேன்.

சிவப்பு இல்லை என்பது பல் தேய்க்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. கனவுக்குள் நான் அதைத் தேடவே இல்லை. அன்றைக்கு ராத்திரி அக்காவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "வத்தல் நல்லாக் காஞ்சிருந்துச்சா தம்பி?" என்றார்.

"நல்லாக் காஞ்சிருந்துச்சுக்கா" என்றேன்.